கடன் வாங்கிய முதல் எபிசோட்: அமெரிக்க ‘தி ஆபீஸ்’ இடறிய இடம்

2005 மார்ச் 24, வியாழக்கிழமை இரவு, என்பிசி தொலைக்காட்சியில் ‘தி ஆபீஸ்’ தொடரின் முதல் எபிசோடை 1 கோடியே 12 லட்சம் அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த இரண்டாவது எபிசோடுக்கு 60 லட்சம் பேர்தான் தேறினார்கள். ஏப்ரல் கடைசியில் ஆறாவது எபிசோடோடு முதல் சீசன் முடிந்தபோது எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. அந்தக் காலத்து நெட்வொர்க் கணக்கில் இது கடையைக் கட்டவேண்டிய நிலைமை. அப்புறம் நடந்தது ஊரறிந்தது. ஒன்பது சீசன், 201 எபிசோட். 2006இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது. தொடர் முடிந்து ஏழு வருஷம் கழித்து, 2020இல், அமெரிக்கர்கள் ஸ்ட்ரீமிங்கில் அதிக நேரம் பார்த்த தொடர் இதுதான் என்று பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் காட்டியது. அந்த ஒரே ஆண்டில் 5,700 கோடி நிமிடங்களுக்கு மேல்.

இவ்வளவு தூரம் ஓடிய வண்டி கிளம்பும்போது ஏன் அப்படித் திணறியது? வழக்கமான பதில் ஒன்று உண்டு: பிரிட்டிஷ் மூலத்தை வரிக்கு வரி காப்பியடித்தார்கள், எடுபடவில்லை. பாதி சரி. காட்சி காட்சியாக வைத்துப் பார்த்தால் கடன் வாங்கிய நகைச்சுவைகளில் பெரும்பாலானவை ஊர் மாறியும் நன்றாகவே பிழைத்திருக்கின்றன. பிழைக்காதது நடுவில் நிற்கும் மேனேஜர். பிரிட்டனில் பதினான்கு எபிசோடில் விழுந்து முடிவதற்காக வார்த்த ஒரு ஆளை, வருஷக்கணக்கில் ஓடவேண்டிய தொடரின் தலையில் உட்காரவைத்தார்கள். கோளாறு அங்கே இருக்கிறது என்பது என் கட்சி.

எண்ணிக்கை சரிந்ததை அப்படியே கதையின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. முதல் எபிசோட், டொனால்ட் ட்ரம்ப் நடத்திய ‘தி அப்ரன்டிஸ்’ நிகழ்ச்சிக்கு அடுத்து ஒளிபரப்பானது. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்த கூட்டம். நாள் மாறியதும் அவர்கள் போய்விட்டார்கள். வாராவாரம் ஒருவரை வேலையைவிட்டுத் தூக்குவதே பொழுதுபோக்காக இருந்த நிகழ்ச்சியைப் பார்த்த கையோடு, ஒரு ரிசப்ஷனிஸ்டைப் பொய்யாக வேலைநீக்கம் செய்து அழவைக்கும் மேனேஜரைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

மூலம்

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் எழுதி இயக்கிய பிரிட்டிஷ் ‘தி ஆபீஸ்’ 2001 ஜூலை 9 அன்று பிபிசி டூவில் தொடங்கியது. லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் நகரில், வெர்னம் ஹாக் என்ற காகித விற்பனை நிறுவனத்தின் கிளை அலுவலகம். ஒரு டாக்குமெண்டரிக் குழு அங்கே வந்து படம்பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது ஏற்பாடு. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஆட்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். யாராவது அசடு வழிந்தால் இன்னொருவர் ஓரக்கண்ணால் நம்மைப் பார்ப்பார். ஆறு எபிசோடாக இரண்டு சீசன், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பகுதிச் சிறப்பு நிகழ்ச்சி, அத்தோடு நிறுத்திவிட்டார்கள். 2004 ஜனவரியில் அமெரிக்காவில் கோல்டன் குளோப் வாங்கியது. ஜெர்வைஸுக்கும் தனியாக ஒன்று.

உரிமையை வாங்கியவர் தயாரிப்பாளர் பென் சில்வர்மன். எழுதும் பொறுப்பு கிரெக் டேனியல்ஸிடம் வந்தது. ‘தி சிம்ப்சன்ஸ்’ எழுத்தாளர் அறையில் வளர்ந்து, மைக் ஜட்ஜோடு சேர்ந்து ‘கிங் ஆஃப் தி ஹில்’ உருவாக்கியவர். இயக்கியவர் கென் க்வாபிஸ். முதல் எபிசோடின் எழுத்து ஜெர்வைஸ், மெர்ச்சன்ட், டேனியல்ஸ் மூவர் பெயரிலும் வந்தது. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

காப்பியடித்தால் என்ன ஆகும் என்பது என்பிசிக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2003இல் ‘கப்ளிங்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரை அதே திரைக்கதைகளோடு அமெரிக்க நடிகர்களை வைத்து எடுத்தார்கள். நான்கு எபிசோடிலேயே தூக்கிவிட்டார்கள். அந்தச் சூடு ஆறும் முன்பே இதை எடுத்தார்கள்.

கதை

ஸ்லவ் இருந்த இடத்தில் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் வந்தது. நல்ல தேர்வு. நிலக்கரியால் எழுந்து நிலக்கரியோடு இறங்கிய ஊர். 1930இல் 1,43,000 பேர் இருந்த இடத்தில் 2000 கணக்கெடுப்பின்போது 76,000 பேர்தான் இருந்தார்கள். மின்னஞ்சல் வந்தபிறகும் காகிதம் விற்கும் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. படப்பிடிப்பு நடந்தது கலிபோர்னியாவில். தொடக்கப் பாடலில் நாம் பார்க்கும் ஸ்க்ரான்டன் காட்சிகளை, ஜிம் என்ற ஊழியனாக நடித்த ஜான் க்ராசின்ஸ்கி தானே அந்த ஊருக்குப் போய் எடுத்துவந்தார்.

டண்டர் மிஃப்லின் என்ற அந்தக் கம்பெனியின் கிளை மேனேஜர் மைக்கேல் ஸ்காட் கேமராக் குழுவுக்கு ஆபீஸைச் சுற்றிக்காட்டுகிறான். தலைமை அலுவலகத்திலிருந்து ஜான் லெவின்சன் என்ற பெண் அதிகாரி வருகிறார். ஸ்க்ரான்டன், ஸ்டாம்ஃபர்ட் இரண்டில் ஒரு கிளையை மூடப்போகிறார்கள், எது என்று முடிவாகவில்லை. இதை யாரிடமும் சொல்லாதே என்கிறார். சொல்லாமலே செய்தி பரவிவிடுகிறது. மைக்கேல் யாருக்கும் வேலை போகாது என்று கூட்டம் போட்டுச் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றும் அதிகாரம் அவனுக்குக் கிடையாது. நடுவே ஜிம் ஹால்பெர்ட் பக்கத்து மேசை டுவைட் ஷ்ரூட்டின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் உறையவைக்கிறான். ரிசப்ஷனிஸ்ட் பாம் பீஸ்லிக்கு ராய் என்பவனோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. கல்யாணம் மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. தற்காலிக ஊழியனாக ரயான் அன்றைக்குத்தான் சேருகிறான். அவ்வளவுதான் கதை.

இந்த எலும்புக்கூடு முழுக்க மூலத்தினுடையது. ஆட்குறைப்பைக் கதையின் அச்சாக வைத்தது மூலத்தின் புத்திசாலித்தனம், அது அமெரிக்காவிலும் அப்படியே வேலைசெய்கிறது. முதல் எபிசோட் என்றாலே பத்துப் பேரை அறிமுகப்படுத்தும் தலைவலி உண்டு. வேலை போகுமோ என்ற பயம் நுழைந்தால் அறிமுகம் தானாக நடக்கிறது: யார் பதறுகிறார், யார் கணக்குப் போடுகிறார், யார் போனால் போகட்டும் என்று இருக்கிறார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது. போனால் போகட்டும் என்கிற ஜிம்மை நமக்கு அந்த ஒரு விஷயத்தாலேயே பிடித்துப்போகிறது.

ஃபேக்ஸ் விஷயமும் இப்படித்தான். காலையில் ஜானிடமிருந்து வந்த ஃபேக்ஸை பாம் கொண்டுவந்து தருகிறாள். தலைமை அலுவலகக் காகிதங்களுக்கு என்று தனியாக ஒரு ஃபைல் வைத்திருப்பதாகச் சொல்லி மைக்கேல் அதைக் குப்பைக்கூடையில் போடுகிறான், கேமராவுக்காக. கொஞ்ச நேரம் கழித்து ஜான் எதிரில் உட்கார்ந்து, கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் ஃபேக்ஸில் வந்ததா என்று கேட்கிறார். வரவில்லை என்று பழியை பாம்மீது போடப் பார்க்கிறான். குப்பைக்கூடை விவரத்தை பாம் நிதானமாகச் சொல்கிறாள். ஒரே ஒரு காகிதத்தில் மேனேஜரின் பந்தா, பொய், பழிபோடும் குணம், பாம் எவ்வளவு காலமாக இதைச் சகித்துவருகிறாள் என்பது, இத்தனையும் வந்துவிட்டது. இதை ஏன் மாற்றி எழுதவேண்டும்?

அழவைக்கும் காட்சி

கடைசிப் பகுதியில் வரும் பொய் வேலைநீக்கத்துக்கு வருவோம். இரண்டு நாட்டு எபிசோடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இதுவே சரியான இடம்.

மைக்கேல் தன் அறையில் ரயானிடம் தன்னைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறான். பாம் உள்ளே வருகிறாள். புதுப் பையனுக்கு வேடிக்கை காட்டவேண்டும் என்று, முகத்தை இறுக்கிக்கொண்டு, ஆபீஸில் திருடியதற்காக உன்னை வேலையைவிட்டு நீக்குகிறேன் என்கிறான். என்ன திருடினேன் என்று கேட்கிறாள். ஒட்டுச்சீட்டுகள். அது என்ன, அம்பது சென்ட் சமாச்சாரம் என்கிறாள். ஆயிரம் திருடினால் என்ன ஆகும் என்று அவன் ஒரு கணக்குப் போடுகிறான். கணக்கு பாதியிலேயே சிக்கிக்கொள்கிறது. இதில் நல்ல விஷயம், இது கடுமையான ஒழுங்கீனம் என்பதால் உனக்கு இழப்பீடு கொடுக்கவேண்டியதில்லை என்கிறான். பாம் அழுகிறாள். உடனே அவன், சும்மா விளையாட்டு என்கிறான். அவள் திட்டிவிட்டு வெளியே போகிறாள். ரயான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஸ்லவ்வில் மேனேஜர் டேவிட் ப்ரென்ட் (ஜெர்வைஸ் நடித்த பாத்திரம்) ரிசப்ஷனிஸ்ட் டானுக்குச் செய்ததும் இதேதான். ஆனால் அங்கே இழப்பீடு பற்றிய பேச்சுக்கு அடியில் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் இரண்டு வருஷம் வேலைபார்த்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் சட்டப்படி பணம் கொடுத்தாகவேண்டும்; ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் கொடுக்கவேண்டாம். கிளையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு நடக்கும் நாளில் மேனேஜர் இப்படிச் சொன்னால், ஆட்குறைப்புச் செலவை மிச்சம்பிடிக்க என்னைத் திருடியாக்குகிறான் என்று டான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. முட்டாள்தனமான விளையாட்டுக்குள் ஒரு நிஜமான கத்தி.

பென்சில்வேனியாவில் அந்தக் கத்தி மொண்ணை. அமெரிக்காவில் பெரும்பாலும் முதலாளி காரணமே சொல்லாமல் அனுப்பலாம். இழப்பீடு கொடுத்தாகவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. மைக்கேல் ஒட்டுச்சீட்டுத் திருட்டைக் கண்டுபிடிக்க அவசியமே கிடையாது. மேலும் பிபிசியில் டான் ப்ரென்டின் முகத்துக்கு நேராகச் சொல்லும் வசை அமெரிக்க நெட்வொர்க்கில் ஒலிக்க முடியாது. பாம் ஒரு சாதுவான திட்டோடு நகர்கிறாள். காயம் அதே ஆழம், திருப்பி அடித்த அடி மட்டும் லேசு. கணக்குத் தீராமல் எபிசோட் முடிகிறது.

நேரத்தையும் சொல்லவேண்டும். விளம்பரம் இல்லாத பிபிசியில் அரைமணி என்றால் அரைமணிதான், ஒரு நிமிடம் முன்னேபின்னே. என்பிசியில் விளம்பரம் போக 22, 23 நிமிடம். ஏறக்குறைய அதே பக்கங்களை முக்கால் பங்கு நேரத்தில் அடைக்கும்போது எதை வெட்டுவார்கள்? வசனத்தை வைத்துக்கொண்டு மௌனத்தை வெட்டுவார்கள். ப்ரென்ட் ஒரு மொக்கை ஜோக் அடித்தபின் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும் அந்த வினாடிகள்தான் பிரிட்டிஷ் தொடரின் உயிர். அந்த இடைவெளியில்தான் அவனுக்கே தன் நிலைமை உறைக்கிறது. அமெரிக்க எபிசோடில் மைக்கேலுக்கு உறைக்க நேரமில்லை, அடுத்ததற்குத் தாவிவிடுகிறான். வலியை உணரும் ப்ரென்டைவிட உணராத மைக்கேல் கொடூரமானவனாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

மைக்கேலாக வந்த ஸ்டீவ் கரெல் மோசமாக நடித்தார் என்று சொல்லமாட்டேன். படிய வாரிய, மெலிந்து தெரியும் தலைமுடியோடு, ஒரு சின்னத்தனம் முகத்திலேயே தெரியும்படி வருகிறார். இன்னொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். தொடக்கக் காட்சியில் மட்டும் அது அவருக்குப் பொருந்துகிறது. மைக்கேல் ஜிம்மைக் கூப்பிட்டு, வழி தெரியாமல் குருவிடம் வந்தாயா என்று கேட்கிறான். நீங்கள்தானே கூப்பிட்டீர்கள் என்கிறான் ஜிம். வியாபாரம் எப்படிச் செய்வது பார் என்று ஃபோனை எடுத்துப் பேசி, எதிர்முனையில் இருப்பவரை ஆண் என்று நினைத்து உளறி, அது பெண் என்று தெரிந்ததும் சமாளிக்கிறான். மூலத்தில் இந்த இடத்தில் வேறு காட்சி வரும். ப்ரென்ட் ஒருவனுக்குக் கிடங்கில் வேலை போட்டுத் தருவதாக ஜம்பம் அடிப்பான். தன் சொந்தக் காட்சியில் கரெல் இலகுவாக இருக்கிறார் என்பதைக் கவனித்தே ஆகவேண்டும்.

பாக்கி மூவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரெய்ன் வில்சனின் டுவைட் முதல் நிமிடத்திலேயே முழு ஆள். பாம்மின் பிடித்த தயிர் எது என்று ஜிம் கேமராவிடம் சொல்லும் இடமும், அவன் சரியாகச் சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ஜென்னா ஃபிஷர் முகத்தில் ஓடும் சிரிப்பும் எபிசோடில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அது எந்த நாட்டு ஆபீஸிலும் நடக்கும்.

யாருக்காக எடுத்தது

அப்படியானால் டேனியல்ஸ் ஏன் புதிதாக எழுதவில்லை? பைலட், அதாவது தொடரை விற்க எடுக்கும் மாதிரி எபிசோட், முதலில் பார்வையாளர்களுக்காக எடுப்பதில்லை. சேனலின் மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் சிலருக்காக எடுப்பது. கோல்டன் குளோப் வாங்கிய திரைக்கதையைத் திருத்தினால், திருத்தியதுதான் கெட்டது என்பார்கள். அப்படியே எடுத்தால், நடிகர்கள் தேறுகிறார்களா, இந்த டாக்குமெண்டரி பாணி இங்கே ஓடுமா என்ற இரண்டு கேள்விகள்தான் மிஞ்சும். விற்பனைக்கு அது சரியான உத்தி. முன்னோட்டம் பார்த்தவர்கள் குறைந்த மதிப்பெண் போட்டும், என்பிசியில் பொழுதுபோக்குப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கெவின் ரெய்லி இதைக் கைவிடவில்லை. விற்க எடுத்த மாதிரியையே கடைக்கு முன்னால் மாட்டிவைத்ததுதான் வினை.

மூலத்தைப் பின்பற்றியவர்கள் எல்லாரும் இப்படிச் செய்ததில்லை. ஜெர்மனியில் 2004இல் வந்த ‘ஷ்ட்ரோம்பெர்க்’ அதே பாணியை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குள் கொண்டுபோய்ச் சொந்தக் கதைகளோடு ஐந்து சீசன் ஓடியது.

அமெரிக்கத் தொடர் தன் சொந்தக் காலில் நிற்க ஐந்து நாள்தான் ஆனது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது எபிசோடான ‘டைவர்சிட்டி டே’, ரயானாக நடித்த பி.ஜே. நோவக் எழுதியது. இனப் பாகுபாடு பற்றி ஊழியர்களுக்கு வகுப்பெடுக்க ஆள் வருகிறார். மைக்கேல் செய்த கூத்துதான் அதற்குக் காரணம் என்று தெரியவருகிறது. அவன் விடாமல் தானே இன்னொரு வகுப்பு நடத்துகிறான். மூன்றாவது எபிசோடான ‘ஹெல்த் கேர்’ ஊழியர்களுக்கு மலிவான மருத்துவக் காப்பீடு தேர்ந்தெடுப்பது பற்றியது. அரசு மருத்துவ சேவை இருக்கும் ஸ்லவ்வில் இந்தக் கதையே பிறக்காது. அமெரிக்க ஆபீஸில் வேலை செய்பவன் எதைக் கண்டு பயப்படுகிறான் என்று கேட்ட உடனே தொடருக்கு ஊர் கிடைத்துவிட்டது. முதல் எபிசோட் அதைக் கேட்கவே இல்லை.

‘டைவர்சிட்டி டே’யில் மைக்கேல் இந்தியக் கடைக்காரர் மாதிரி கோணங்கித்தனம் செய்ய, கெல்லி என்ற பெண் அவன் கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். கெல்லியாக வந்தவர் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான மிண்டி கேலிங். அப்பா தமிழர், இவருடைய முழுப் பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது. மைக்கேலுக்கு விழவேண்டிய அறை சரியான கையிலிருந்துதான் விழுந்தது.

மேனேஜரை மாற்றியது

இரண்டாவது சீசனுக்குள் மைக்கேலையே மாற்றினார்கள். 2005 ஆகஸ்டில் ‘தி 40-இயர்-ஓல்ட் வர்ஜின்’ ஓடி கரெல் நட்சத்திரமாகியிருந்தார். அந்தப் படத்தில் அவரிடம் இருந்த வெகுளித்தனம் இங்கேயும் நுழைந்தது. தலைமுடி அடர்ந்தது. டிசம்பரில் என்பிசி தன் தொடர்களை ஐடியூன்ஸில் விற்கத் தொடங்கியபோது இதை வாங்கிப் பார்க்க இளைஞர் கூட்டம் ஒன்று கிளம்பியதும் தொடரைக் காப்பாற்றியது.

என்னைக் கேட்டால் திருப்பம் 2005 நவம்பரில் வந்த ‘தி கிளையன்ட்’ எபிசோட். ஜானோடு ஒரு பெரிய வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் மைக்கேல், சந்திப்பை ஒரு சங்கிலி உணவகத்துக்கு மாற்றுகிறான். வியாபாரத்தைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுகிறான், குடிக்கிறான், ஜோக் அடிக்கிறான். ஜான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் சரியான நொடியில் ஒரே வார்த்தையாகக் கேட்டு ஆர்டரை வாங்கிவிடுகிறான். இவன் எப்படி மேனேஜர் ஆனான் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கிறது: நல்ல சேல்ஸ்மேனைப் பிடித்து மேனேஜர் நாற்காலியில் போட்டிருக்கிறார்கள். முதல் எபிசோடில் ஃபோனில் ஆண், பெண் தெரியாமல் உளறியவனுக்கு இந்தத் திறமை கிடையாது. ப்ரென்டுக்கும் தேவைப்படவில்லை, ஏனென்றால் இரண்டாவது சீசன் முடிவதற்குள் அவனுடைய வேலையே ஆட்குறைப்பில் போய்விடும். தகுதியில்லாதவன் விழுவதைப் பார்க்க பன்னிரண்டு எபிசோட் போதும். விழாமல் வருஷக்கணக்கில் நிற்கவேண்டியவனுக்கு நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

முதல் சீசனைத் தாண்டி இரண்டாவதிலிருந்து பாருங்கள் என்பது ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் வழக்கமான யோசனை. எனக்கு உடன்பாடில்லை. வேண்டுமானால் முதல் எபிசோடை மட்டும் தள்ளிவைத்து ‘டைவர்சிட்டி டே’யில் தொடங்குங்கள்; இரண்டு சீசன் முடித்தபின் திரும்பிவந்து, பிரிட்டிஷ் எபிசோடைப் பார்த்த கையோடு, அதைப் பாருங்கள். கரெல் எந்தெந்த வரியில் நெளிகிறார் என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

2011 ஜனவரியில், ஏழாவது சீசனில், ‘தி செமினார்’ எபிசோடின் தொடக்கத்தில் ஜெர்வைஸ் டேவிட் ப்ரென்டாகவே வந்துபோனார். லிஃப்ட் வாசலில் மைக்கேலும் அவரும் சந்திக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடித்துப்போகிறது. மாறிமாறி ஜோக் அடித்துச் சிரிக்கிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆபீஸில் வேலை ஏதாவது காலி இருக்கிறதா என்று ப்ரென்ட் கேட்கிறார். இப்போதைக்கு இல்லை என்கிறான் மைக்கேல். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 28 அன்று ஒளிபரப்பான எபிசோடோடு கரெல் தொடரைவிட்டு விலகினார். அவர் போனபின்னும் தொடர் இரண்டு வருஷம் ஓடியது.